மொட்டைக் கடிதமும் மொழித் தடயமும்

பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் மிரட்டல் கடிதத்தில் எழுதியவரைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் அவர் எந்தப் பக்கத்தில் வளர்ந்தவர், என்ன வயதிருக்கும், எவ்வளவு படித்தவர், தாய்மொழி எது என்பவற்றுக்கெல்லாம் அவருடைய சொற்களிலேயே குறிப்பு கிடக்கிறது. அந்தக் குறிப்புகளை முறைப்படி திரட்டிக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துத் தரும் துறை தடய மொழியியல். மொட்டைக் கடிதங்களைப் பொறுத்தவரை அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. சந்தேக நபர் யாரும் கண்ணில் படாதபோது, எழுதியவர் எப்படிப்பட்டவராக இருக்கக்கூடும் என்று உருவரை தீட்டுவது ஒன்று. சந்தேக நபர்கள் கிடைத்த பிறகு, அவர்கள் எழுதியவற்றோடு கடிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது விசாரணைக்குத் திசை காட்டும். இரண்டாவது சாட்சியமாகக் கூண்டு ஏறும். இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது இத்துறை பெரிய வெற்றிகளைக் கண்டது. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டபோது சறுக்கியது.

சொல்லை எண்ணிய முன்னோடிகள்

எழுத்தின் நடையைக் கொண்டு எழுதியவரை அறிவது குற்ற விசாரணைக்கு முன்பே புலமை உலகில் நடந்துவந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குக் கொடுத்ததாக ஒரு சாசனம் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் செல்லுபடியாகிவந்தது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை ஆராய்ந்து, அது நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியின் மொழி அல்ல என்று காட்டினார். அந்தக் காலத்து ரோம அலுவலர்களைக் குறிக்க வழங்காத பட்டப்பெயர்கள் அதில் இருந்தன. எழுதியவரின் பெயர் தெரியாவிட்டாலும் அவர் பிற்காலத்தவர் என்பது உறுதியாயிற்று.

எண்ணிக்கையைக் கொண்டு நடையை அளக்கலாம் என்ற யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. 1851-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன், ஒருவர் எழுதும் சொற்களின் சராசரி நீளமே அவரை அடையாளம் காட்டக்கூடும் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினார். அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் மெண்டன்ஹால் 1887-இல் இதைச் செயலில் இறக்கினார். இரண்டெழுத்துச் சொல் எத்தனை, மூன்றெழுத்துச் சொல் எத்தனை என்று ஆயிரக்கணக்கில் எண்ணி, ஒவ்வோர் எழுத்தாளருக்கும் ஒரு வளைகோடு வரைந்தார். அந்த அளவுகோல் பின்னால் போதாது என்று தெரிந்தது. ஆனாலும் நடையை எண்ணிப் பார்க்கலாம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

அதே காலத்தில் காவல்துறை கடிதங்களைக் கையெழுத்துக்காகவே பார்த்தது. 1888-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, 'ஜாக் தி ரிப்பர்' என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்று செய்தி நிறுவனத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. முதல் கடிதத்தைப் பத்திரிகைக்காரர் ஒருவரே எழுதியிருப்பார் என்று அதிகாரிகள் சிலர் சந்தேகித்தார்கள். அதைச் சோதிக்கும் கருவி அவர்களிடம் இல்லை. 1894-இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆல்ஃப்ரெட் டிரைஃபஸ் உளவாளி என்று தண்டிக்கப்பட்டதற்கும் கையெழுத்து ஒப்பீடே ஆதாரம். கையெழுத்து பொருந்தாத இடங்களை, அவரே தம் கையெழுத்தைப் போலிசெய்து மாற்றியிருக்கிறார் என்று சொல்லி நிபுணர் அல்ஃபோன்ஸ் பெர்டியோன் சமாளித்தார். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906-இல்தான் தீர்ப்பாயிற்று. நிபுணரின் நம்பிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் நிரபராதி சிறைக்குப் போவார் என்பதற்கு அந்த வழக்கு தொடக்கத்திலேயே சாட்சியாயிற்று.

லிண்ட்பெர்க் வீட்டு ஜன்னலில் ஒரு கடிதம்

கடிதத்தின் மொழியைக் கொண்டு ஆளை அறியும் முயற்சி பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது 1932-இல். அந்த ஆண்டு மார்ச் 1 இரவு, விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் இருபது மாதக் குழந்தை நியூ ஜெர்சி மாநிலம் ஹோப்வெல் அருகிலிருந்த வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டாலர் கேட்டு ஜன்னலோரம் ஒரு கடிதம் இருந்தது. அதில் டாலர் குறி எண்ணுக்கு முன்னால் வராமல் பின்னால் வந்திருந்தது. ஆயிரத்தைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி இடப்பட்டிருந்தது. குழந்தை நல்ல பராமரிப்பில் இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் 'குட்' என்ற ஆங்கிலச் சொல் ஜெர்மன் எழுத்துமுறையில் இருந்தது. 'எனிதிங்' என்ற சொல்லில் 'த' ஒலி வரவேண்டிய இடத்தில் 'ட' ஒலிக்குரிய எழுத்து நின்றது. ஜெர்மன் தாய்மொழிக்காரர் ஆங்கிலம் பேசும்போது வரும் தடுமாற்றம் இவற்றில் அப்படியே பதிந்திருந்தது.

குழந்தையின் உடல் மே 12 அன்று கிடைத்தது. ஆனால் மொழிக் குறிப்பு மட்டும் ஆளைப் பிடித்துத் தரவில்லை. நியூயார்க் வட்டாரத்தில் ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். மீட்புப் பணமாகக் கொடுத்த தங்கச் சான்று நோட்டு ஒன்று 1934 செப்டம்பரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மாற்றப்பட்டது. அங்கே இருந்த ஊழியர் காரின் எண்ணைக் குறித்துவைத்ததால் புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன் சிக்கினார். அவர் ஜெர்மனியின் காமென்ஸ் நகரில் பிறந்த தச்சர். கைதுக்குப் பிறகு காவல்துறையினர் சொல்லச்சொல்ல அவர் எழுதிய தாள்களில் அதே பிழைகள் வந்தன என்பது அரசுத் தரப்பின் வாதம். பிழையோடு எழுதச் சொன்னதே காவல்துறைதான் என்று ஹாப்ட்மன் கூறினார். 1936 ஏப்ரல் 3-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒப்பிடுவதற்கு எடுக்கும் மாதிரி, சந்தேகம் எழுவதற்கு முன்பே இயல்பாக எழுதப்பட்டதாக இருக்கவேண்டும் என்பது இந்த வழக்கின் பாடம்.

நியூயார்க்கின் குண்டு மனிதர்

1940 நவம்பரில் நியூயார்க்கின் மின்சார நிறுவனமான கான்சாலிடேட்டட் எடிசனின் கட்டடம் ஒன்றில் வெடிக்காத குண்டு ஒன்று கிடந்தது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் திரையரங்கு, ரயில் நிலையம், நூலகம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் வைக்கப்பட்டன. வைத்தவர் பத்திரிகைகளுக்கும் காவல்துறைக்கும் பெரிய எழுத்துகளில் கடிதம் எழுதி, 'எஃப்.பி.' என்று கையொப்பமிட்டார்.

1956 டிசம்பரில் காவல்துறை மனநல மருத்துவர் ஜேம்ஸ் புரசெலை நாடியது. அவருடைய உருவரையில் மொழிக்குப் பெரிய பங்கு இருந்தது. கடிதங்களில் அமெரிக்கர்களின் வாயில் புரளும் கொச்சைச் சொல் ஒன்றுகூட இல்லை. பழைய நாவல் நடையில் விறைப்பான தொடர்கள் வந்தன. நியூயார்க்வாசிகள் சுருக்கமாகச் சொல்லும் மின் நிறுவனத்தின் பெயரை, முன்னால் சுட்டுச்சொல் சேர்த்து முறைப்படி எழுதியிருந்தார். வேற்றுமொழி பேசும் வீட்டில் வளர்ந்தவர், புத்தகம் படித்து ஆங்கிலத்தைச் செப்பனிட்டவர் என்று புரசெல் முடிவுக்கு வந்தார்.

இந்த உருவரை பத்திரிகையில் வெளியானது. 'ஜர்னல் அமெரிக்கன்' நாளேடு குண்டு மனிதரை நோக்கிப் பகிரங்கக் கடிதங்கள் வெளியிட்டது. அவர் பதில் எழுதினார். வேலையில் தமக்குக் காயம் ஏற்பட்ட கதையைச் சொன்னார். இதற்கிடையில் மின் நிறுவனத்தின் பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவர், முன்னாள் தொழிலாளி ஒருவரின் முறையீட்டுக் கடிதத்தில் குண்டு மனிதரின் கடிதத்தில் வந்த அதே பழங்காலத் தொடரைக் கண்டார். நிறுவனத்தின் செயலைக் கோழைத்தனமான கொடுமை என்று பழிக்கும் தொடர் அது. கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியில் வசித்த ஜார்ஜ் மெட்டெஸ்கி 1957 ஜனவரியில் கைதானார். அவர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 'எஃப்.பி.' என்பது 'ஃபேர் ப்ளே', அதாவது நியாயமான நடத்தை என்பதன் சுருக்கம் என்று அவரே சொன்னார். உருவரை தேடலின் வட்டத்தைச் சுருக்கியது. ஆளைக் காட்டியது கோப்பில் இருந்த தொடர்.

துறைக்குப் பெயர் வந்தது

1960-களில் இரண்டு ஆய்வுகள் இந்தக் கலையை அறிவியலின் பக்கம் நகர்த்தின. அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக 1787, 1788 ஆண்டுகளில் புனைபெயரில் வெளியான 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் 85. அவற்றில் பன்னிரண்டை எழுதியவர் அலெக்சாண்டர் ஹாமில்டனா, ஜேம்ஸ் மாடிசனா என்ற சர்ச்சை தீராமல் இருந்தது. 1964-இல் புள்ளியியலாளர்கள் ஃபிரெடெரிக் மாஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் கருத்தைத் தாங்கும் பெரிய சொற்களை ஒதுக்கிவிட்டு, எழுதுகிறவர் கவனிக்காமல் போடும் சிறுசொற்களை எண்ணினார்கள். 'மேல்' என்ற பொருள் தரும் ஆங்கில இடைச்சொல் ஒன்றை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ மூன்று முறை பயன்படுத்தினார். மாடிசனிடம் அது அரிது. சர்ச்சைக்குரிய பன்னிரண்டும் மாடிசனுடையவை என்ற பக்கமே கணக்கு சாய்ந்தது. வேண்டுமென்றே நடையை மாற்றுகிறவர்கூட இத்தகைய சிறுசொற்களை மாற்ற மறந்துவிடுவார் என்பதால், பிற்காலக் கணினி முறைகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளமாயிற்று.

மற்றொன்று லண்டன் வழக்கு. மனைவியும் குழந்தையும் கொல்லப்பட்ட வழக்கில், குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு டிமதி எவன்ஸ் 1950 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்பது மூன்றாண்டு கழித்துத்தான் வெளிவந்தது. எவன்ஸுக்கு 1966-இல் மரணத்துக்குப் பிந்திய மன்னிப்பு வழங்கப்பட்டது. ஸ்வீடன் மொழியியலாளர் ஜான் ஸ்வார்ட்விக் அவருடைய வாக்குமூலங்களை ஆராய்ந்து 1968-இல் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். எழுதப் படிக்கத் தடுமாறிய எவன்ஸின் பேச்சு நடையும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பத்திகளின் நடையும் வாக்கிய அமைப்பிலேயே வேறுபட்டன என்று காட்டினார். தடய மொழியியல் என்ற பெயர் அந்த நூலின் துணைத் தலைப்பில்தான் முதன்முதலாக நிலைபெற்றது.

சரியான ஊர், தவறான ஆள்

மொழி உருவரையின் திறமும் ஆபத்தும் ஒருசேர வெளிப்பட்ட வழக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நடந்தது. 1970-களின் பிற்பகுதியில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, கொலையாளி நானே என்று சொல்லி 1978, 1979 ஆண்டுகளில் மூன்று கடிதங்களும் 1979 ஜூனில் ஓர் ஒலிநாடாவும் வந்தன. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வட்டார வழக்கு அறிஞர் ஸ்டான்லி எல்லிஸ், ஒலியியலாளர் ஜாக் விண்ட்சர் லூயிஸ் இருவரும் நாடாவைக் கேட்டார்கள். பேசியவர் சண்டர்லாந்து நகரின் சவுத்விக், காசில்டவுன் பகுதியைச் சேர்ந்தவர் என்று சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் எல்லிஸ் சுருக்கினார்.

காவல்துறை அதைக் கொலையாளியின் முகவரியாக எடுத்துக்கொண்டது. சண்டர்லாந்துப் பேச்சு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டார்கள். பேசுகிறவர் கொலையாளியாக இல்லாமல் ஏமாற்றுக்காரராக இருக்கலாம் என்று மொழி அறிஞர்கள் எச்சரித்தது எடுபடவில்லை. உண்மைக் கொலையாளி பீட்டர் சட்கிளிஃப் பிராட்ஃபோர்ட் பக்கத்துக்காரர். காவல்துறை அவரைப் பலமுறை விசாரித்து விட்டுவிட்டது. ஒலிநாடா வந்த பிறகு அவர் மேலும் மூன்று பெண்களைக் கொன்றார். 1981 ஜனவரியில் வேறொரு காரணத்துக்காகப் பிடிபட்டார். கடித உறையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ. மூலம் 2005-இல் ஏமாற்றுக்காரர் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் சண்டர்லாந்துக்காரரேதான், எல்லிஸ் சொன்ன பகுதிக்கு அருகிலேயே வளர்ந்தவர். மொழியறிஞரின் விடை சரியாக இருந்தது. எழுதியவர் யார் என்ற கேள்விக்கான விடையை, கொன்றவர் யார் என்ற கேள்விக்குப் பொருத்தியதுதான் தவறு.

படிக்காதவராக நடித்த படித்தவர்

மொட்டைக் கடிதக்காரர்கள் தம்மை மறைக்க அதிகம் கையாளும் உத்தி வேண்டுமென்றே பிழைவிடுவது. அதைக் கண்டுகொள்ளும் முறைக்கு அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜர் ஷூய் ஆராய்ந்த கடத்தல் வழக்கு பாடநூல் எடுத்துக்காட்டாகிவிட்டது. சிறுமியை விடுவிக்கப் பத்தாயிரம் டாலர் கேட்ட சிறு கடிதம் அது. அதில் போலீசையும் குப்பைத் தொட்டியையும் குறிக்கும் மிக எளிய சொற்களில் முதலெழுத்து மாற்றி எழுதப்பட்டிருந்தது. மகள் என்ற சொல்லும் பிழையாக இருந்தது. ஆனால் அவற்றைவிடக் கடினமான 'விலைமதிப்பற்ற' என்ற சொல்லும் குழந்தையின் அரைத்துணியைக் குறிக்கும் சொல்லும் பிழையின்றி இருந்தன. நிறுத்தக்குறிகளும் சரியாக இருந்தன. உண்மையிலேயே படிப்பறிவு குறைந்தவர் கடினமான சொல்லில் தடுக்குவார், எளியதில் தப்பிப்பார். இங்கே தலைகீழாக இருந்ததால், எழுதியவர் படித்தவர், படிக்காதவராக நடிக்கிறார் என்று ஷூய் கணித்தார்.

பணத்தை வைக்கவேண்டிய இடத்தைச் சொல்லும்போது அவர் இன்னொரு குறிப்பையும் தந்துவிட்டார். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் ஓடும் புல்தரையை 'டெவில் ஸ்ட்ரிப்' என்று எழுதியிருந்தார். ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகர்ப் பக்கத்தில் மட்டுமே அந்தப் பெயர் பெருவழக்கு. உங்கள் பட்டியலில் ஆக்ரனைச் சேர்ந்த படித்தவர் யாராவது இருக்கிறாரா என்று ஷூய் காவல்துறையைக் கேட்டார். ஒருவர் இருந்தார், பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வட்டார வழக்கு என்று தமக்கே தெரியாத சொல்லை ஒருவர் மறைக்க நினைக்கமாட்டார். அத்தகைய சொல்லே உருவரைக்கு மிகுதியாகப் பயன்படுகிறது.

முப்பத்தைந்தாயிரம் சொற்கள்

இத்துறையின் வரலாற்றில் தனி இடம் பெறுவது அமெரிக்காவின் 'யூனபாம்பர்' வழக்கு. 1978 முதல் 1995 வரை பல்கலைக்கழகங்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் பிறருக்கும் பதினாறு குண்டுகள் அனுப்பப்பட்டன, அல்லது வைக்கப்பட்டன. மூவர் இறந்தனர், 23 பேர் காயமடைந்தனர். பல்கலைக்கழகம், விமானம் என்ற ஆங்கிலச் சொற்களின் தலைப்பைச் சேர்த்து எஃப்.பி.ஐ. வைத்த விசாரணைப் பெயரே குற்றவாளியின் பெயராயிற்று. குண்டுகளில் கைரேகையோ கடைச்சரக்கின் சுவடோ பயன்படும்படி கிடைக்கவில்லை. ஒருகட்டத்தில் விமான மெக்கானிக் போன்ற தொழிலாளியைத் தேடும்படியும் உருவரை சொல்லிற்று.

1995-இல் குற்றவாளியே வழி திறந்தார். தொழில்நுட்பச் சமூகத்தைக் கண்டிக்கும் தம் நீண்ட கட்டுரையை வெளியிட்டால் கொலையை நிறுத்துவதாக நாளேடுகளுக்கு எழுதினார். எண்ணிட்ட 232 பத்திகள், சுமார் 35,000 சொற்கள். மிரட்டலுக்குப் பணிவதா என்ற விவாதம் எழுந்தது. யாராவது நடையை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்று எஃப்.பி.ஐ. நம்பியது. 1995 செப்டம்பர் 19 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' அதை இணைப்பிதழாக அச்சிட்டது. செலவை 'நியூயார்க் டைம்ஸ்' பகிர்ந்துகொண்டது.

கட்டுரையின் மொழி பல திசைகளைக் காட்டியது. 'துப்பு', 'வேண்டுமென்றே' போன்ற பொருள்தரும் சில சொற்களின் எழுத்துக்கூட்டல் அமெரிக்க வழக்கத்திலிருந்து மாறுபட்டிருந்தது. 'சிகாகோ டிரிபியூன்' நாளேடு 1934 முதல் பல பத்தாண்டுகள் தனக்கென ஓர் எளிமையாக்கிய எழுத்துமுறையைக் கையாண்டது. அந்த ஏட்டைப் படித்து வளர்ந்தவரின் கை இது என்று ஷூய் சிகாகோவைச் சுட்டினார். பெண்களையும் கருப்பின மக்களையும் குறிக்கும் சில சொற்கள் 1995-இல் வழக்கொழிந்தவை. எழுதியவர் நடுவயதைத் தாண்டியவர் என்பதற்கு அவை குறிப்பு. அரிதான கலைச்சொற்களும் கட்டுக்கோப்பான வாதமும் உயர்கல்வியைக் காட்டின.

ஆனால் பெயரைச் சொன்னது குடும்பம். நியூயார்க் மாநிலத்தில் வசித்த டேவிட் காஜின்ஸ்கியிடம், இது உங்கள் அண்ணன் எழுதியதாக இருக்குமோ என்று மனைவி லிண்டா பேட்ரிக் முதலில் கேட்டார். கட்டுரையைப் படித்த டேவிட், நிதானமான தர்க்கவாதிகள் என்ற பொருளில் வரும் ஒரு தொடரில் நின்றார். அண்ணன் டெட் பேசும் தொடர் அது. பழைய கடிதங்களையும் 1971-இல் டெட் எழுதிய 23 பக்கக் கட்டுரை ஒன்றையும் அவர் வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்தார். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையில் ஒப்பீடு நடந்தது. கருத்துகளும் தொடர்களும் பல இடங்களில் ஒத்தன. கேக்கைத் தின்னவும் வேண்டும், அது கையிலும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதைப் பற்றிய ஆங்கிலப் பழமொழியை மற்றவர்கள் சொல்லும் வரிசையில் சொல்லாமல், பழைய வரிசையில் சொல்லும் பழக்கம் குற்றவாளியின் கட்டுரையிலும் இருந்தது, டெட் தம் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் இருந்தது.

இந்த ஒப்பீட்டை உள்ளடக்கிய பிரமாண வாக்குமூலத்தின் பேரில் நீதிபதி சோதனை ஆணை வழங்கினார். மான்டானா மாநிலம் லிங்கன் அருகே காட்டில் மின்சாரமில்லாத குடிசையில் டெட் என்கிற தியடோர் காஜின்ஸ்கி 1996 ஏப்ரல் 3 அன்று கைதானார். உள்ளே தயார்நிலையில் ஒரு குண்டும், கட்டுரையின் தட்டச்சுப் பிரதியும், ஆயிரக்கணக்கான பக்கக் குறிப்புகளும் இருந்தன. அவர் 1942-இல் சிகாகோவில் பிறந்தவர். பதினாறு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தவர். பெர்க்லியில் கணிதம் கற்பித்தவர். மொழி ஒப்பீட்டை நம்பி ஆணை கொடுத்தது செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மொழியியலாளர் ராபின் லேக்காஃப் அந்தத் தரப்பில் கருத்து அளித்தார். வாசார் கல்லூரிப் பேராசிரியர் டொனால்டு ஃபாஸ்டர் அரசுத் தரப்புக்கு ஆதரவாக எழுதினார். நீதிபதி ஆணையை ஏற்றார். 1998-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட காஜின்ஸ்கிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் சிறையில் இறந்தார்.

இந்த வழக்கில் மொழி ஒப்பீடு செய்த வேலையின் அளவைக் கவனிக்கவேண்டும். குடிசைக் கதவைச் சட்டப்படி திறக்கப் போதுமான காரணத்தை அது தந்தது. குற்றத்தை நிரூபிக்க இருந்தவை கதவுக்குப் பின்னால் கிடைத்த பொருள்கள்.

நீதிமன்றக் கூண்டில்

சாட்சியம் என்ற நிலைக்கு மொழியாய்வைக் கொண்டுசென்றதில் பிரிட்டிஷ் மொழியியலாளர் மால்கம் கூல்தார்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1952-இல் குராய்டனில் காவலர் ஒருவர் சுடப்பட்ட வழக்கில், சுடாத டெரிக் பெண்ட்லி 1953 ஜனவரியில் பத்தொன்பது வயதில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய வாக்குமூலம் கேள்வி கேட்காமல் அவரே சொன்னது என்று காவலர்கள் சாதித்திருந்தார்கள். 582 சொல் கொண்ட அந்த வாக்குமூலத்தில் 'பிறகு' என்ற பொருள்தரும் சொல் பத்து முறை வந்ததைக் கூல்தார்டு கவனித்தார். சாதாரணச் சாட்சிகளின் வாக்குமூலங்களில் அது சுமார் 930 சொல்லுக்கு ஒருமுறையும், காவலர்களின் அறிக்கைகளில் 78 சொல்லுக்கு ஒருமுறையும் வந்தது. மேலும் மக்கள் 'பிறகு நான்' என்பார்கள். வாக்குமூலத்தில் 'நான் பிறகு' என்ற காவல்துறை நடை இருந்தது. 1998-இல் தண்டனை ரத்தானது. நடுவர்களுக்கு நீதிபதி தவறாக வழிகாட்டினார் என்பதே அந்தத் தீர்ப்பின் முதன்மைக் காரணம். மொழியாய்வு வாக்குமூலத்தின் மீதான ஐயத்தைக் கூட்டியது.

1993-இல் தடய மொழியியலாளர்களின் பன்னாட்டுச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆய்விதழ் வந்தது. கைப்பேசி பரவியபின் கடிதத்தின் இடத்தைக் குறுஞ்செய்தி பிடித்தது. 2005-இல் யார்க்ஷயரில் காணாமற்போன இளம்பெண்ணின் கைப்பேசியிலிருந்து, அவர் உயிரோடு இருப்பதாகக் காட்டும் செய்திகள் வந்தன. 'என்', 'நானே' என்ற பொருளுடைய சொற்களை அந்தப் பெண் பொதுவழக்கில் எழுதுவார். பின்னால் வந்த செய்திகளில் அவை வடக்கத்திக் கொச்சையில் இருந்தன. சந்தேக நபர் எழுதும் முறையும் அதுவே. கூல்தார்டின் சாட்சியமும் பிற ஆதாரங்களும் சேர்ந்து 2008-இல் அவருக்குத் தண்டனை பெற்றுத் தந்தன.

சறுக்கல்களும் எல்லைகளும்

யூனபாம்பர் வழக்குக்குப் பின் வந்த புகழ் இத்துறைக்குச் சோதனையாகவும் அமைந்தது. 1996-இல் பெயரிலியாக வெளியான 'பிரைமரி கலர்ஸ்' நாவலை எழுதியவர் பத்திரிகையாளர் ஜோ கிளைன் என்று ஃபாஸ்டர் சரியாகக் கண்டார். அதே ஆண்டு இறுதியில் கொலராடோ மாநிலம் போல்டரில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வீட்டில் இரண்டரைப் பக்க மிரட்டல் கடிதம் கிடந்தது. சிறுமியின் தாய் நிரபராதி என்று முதலில் அவருக்கே கடிதம் எழுதிய ஃபாஸ்டர், பின்னர் கடிதத்தை எழுதியவர் அவரே என்று காவல்துறையிடம் சொன்னார். இந்த முரண்பாடு வெளிப்பட்டதும் அவர் கருத்து பயனற்றதாயிற்று. அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஷேக்ஸ்பியருடையது என்று அவர் வாதிட்ட இரங்கற்பா ஒன்றையும் 2002-இல் தாமே விட்டுக்கொடுத்தார்.

அமெரிக்க நீதிமன்றங்கள் 1993-க்குப் பிறகு நிபுணரின் முறை சோதிக்கப்பட்டதா, அதன் பிழை விகிதம் தெரியுமா என்று கேட்கத் தொடங்கியிருந்தன. 2000-இல் நியூ ஜெர்சிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வான் வைக் என்பவர் மீதான வழக்கில் ஃபிட்ஸ்ஜெரால்டு சாட்சி சொல்ல வந்தார். கேள்விக்குரிய எழுத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவரின் எழுத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை அவர் எடுத்துக்காட்டலாம். எழுதியவர் இன்னாரே என்று முடிவு சொல்லக்கூடாது என்று நீதிபதி கோடு கிழித்தார்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. மிரட்டல் கடிதங்கள் பெரும்பாலும் சில வரிகளே. எண்ணிக்கை முறைகளுக்கு அது போதாது. ஒருவரே தாய்க்கு எழுதுவது ஒருவிதம், வங்கிக்கு எழுதுவது வேறுவிதம் என்பதால் ஒரே வகை எழுத்துகளைத்தான் ஒப்பிடமுடியும். ஓர் ஊர்க்காரர்கள், ஒரு தலைமுறையினர் பல பழக்கங்களைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். ஒற்றுமை எவ்வளவு அரிது என்று தெரியாமல் அதற்கு எடை போடமுடியாது. கைரேகையைப் போல மாறாத முத்திரை மொழியில் இல்லை.

கணினிக் காலம்

அந்த எடையைப் போடவே இன்றைய ஆய்வுகள் முயல்கின்றன. 2018-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா நினி, ஜாக் தி ரிப்பர் பெயரில் வந்த 209 எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டார். முதலில் பரபரப்பை ஏற்படுத்திய கடிதமும் அஞ்சலட்டையும் ஒருவரே எழுதியவை என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. எழுதியவர் பெயரை அது சொல்லவில்லை. 1888-இல் அதிகாரிகளுக்கு இருந்த சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது. 2013-இல் ராபர்ட் கால்பிரைத் என்ற பெயரில் வெளியான துப்பறியும் நாவலை ஜே.கே. ரௌலிங் எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பாட்ரிக் ஜுவோலாவும் பீட்டர் மில்லிக்கனும் கணித்தார்கள். பத்திரிகைக்கு ரகசியத் தகவல் ஏற்கெனவே வந்திருந்தது. குறுகிய பெயர்ப் பட்டியலில் எது பொருந்துகிறது என்பதையே கணினி சொன்னது.

உருவரையிலும் தரவு பெருகியிருக்கிறது. எந்தச் சொல் எந்த ஊரில் வழங்கும் என்பதற்கு எல்லிஸும் ஷூயும் தம் நினைவையும் வட்டார அகராதிகளையும் நம்பினார்கள். இப்போது ஜாக் கிரீவ் போன்ற மொழியியலாளர்கள் இடக்குறிப்புள்ள கோடிக்கணக்கான சமூக வலைத்தளப் பதிவுகளிலிருந்து சொல்வரைபடங்கள் தயாரித்துள்ளனர். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் டிம் கிராண்ட் குழுவினர் இதே அறிவைத் திருப்பிப்போட்டனர். இணையத்தில் சிறாரைக் குறிவைக்கும் குற்றவாளிகளைப் பிடிக்க, வேறொருவரின் எழுத்துநடையை நம்பும்படி பின்பற்றக் காவலர்களுக்கு அவர்கள் பயிற்சி அளித்தனர். ஒருவர் நடையை மற்றவர் கற்றுக்கொள்ள முடியும் என்பது ஒப்பீட்டுச் சாட்சியத்துக்கும் ஓர் எச்சரிக்கை. இயந்திர மொழிபெயர்ப்பும் தானியங்கி எழுத்துத் திருத்தமும் வட்டாரச் சுவடுகளையும் பிழைகளையும் துடைத்துவிடக்கூடியவை என்பதால் இனிவரும் மொட்டைக் கடிதங்களில் வேலை கடினமாகும்.

இன்று இத்துறையில் பொதுவாக ஏற்கப்படும் நடைமுறை இதுதான்: உருவரை விசாரணை அதிகாரிக்கு மட்டும் உரியது, அதைச் சாட்சியமாக வைப்பதில்லை. ஒப்பீட்டுக்குப் போதிய அளவு இயல்பான எழுத்து மாதிரி வேண்டும். முடிவு இன்னார்தான் என்று வராமல், கிடைத்த ஒற்றுமைகள் எந்தக் கருதுகோளை எவ்வளவு ஆதரிக்கின்றன என்று வரவேண்டும். எழுதியவரைக் கண்டுபிடித்தாலும், குற்றம் செய்தவர் அவரா என்பதை வேறு ஆதாரங்களே தீர்மானிக்கவேண்டும்.